விமானத்தின் முதுகுப் பக்கம்

அந்தக் கன்டெய்னர் காலியாகத்தான் இருந்தது. பயணிகளின் பெட்டிகளை அடுக்கி விமானத்தின் வயிற்றுக்குள் ஏற்றுவோமே, அந்த அலுமினியக் கூண்டு. எடை 80 கிலோவுக்குள் இருக்கும். டாலி என்று நாங்கள் சொல்லும் இழுவை வண்டியின் மேல் அதை ஏற்றி நிறுத்தியிருந்தேன். டாலியின் தளம் முழுக்க உருளைகள். கன்டெய்னர் தானாக நகர்ந்துவிடாமல் இருக்க ஓரத்தில் ஒரு பூட்டு உண்டு. அதை நிமிர்த்திவிட மறந்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம்.

பக்கத்து நிறுத்தத்திலிருந்து ஒரு பெரிய விமானம் கிளம்பித் திரும்பியது. திரும்பும்போது அதன் வால் மெல்ல எங்கள் பக்கம் வந்தது. காதில் ஒலித்தடுப்பு மாட்டியிருந்தேன். பெரிதாக எந்தச் சத்தமும் வரவில்லை. முதலில் சட்டைக் கை படபடத்தது. பிறகு முகத்தில் சூடான காற்று. நான் திரும்புவதற்குள் கன்டெய்னர் டாலியிலிருந்து வழுக்கி, தரையில் விழுந்து, ஒரு முறை புரண்டு, அந்தப் பக்கம் நின்ற டிராக்டரில் மோதி நின்றது. நடுவில் ஒருவர் குனிந்து எச்சரிக்கைக் கோன் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது போன பாதைக்கும் ஒரு கை நீளம்தான் இடைவெளி.

எங்கள் குழுவின் மூத்தவர் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "சத்தம் கேட்டுச்சா தம்பி?" என்றார்.

"இல்லண்ணே."

"கேக்காது. இப்ப வர்ற இன்ஜின் எதுவும் கத்தாது."

அந்த ஒரு பதிலைப் பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஜெட் இன்ஜினின் பின்காற்றைப் பற்றிப் பேசுபவர்கள் அதன் வேகத்தைச் சொல்வார்கள், வெப்பத்தைச் சொல்வார்கள். என்னைக் கவலைப்பட வைப்பது வேறு ஒன்று. இன்ஜின்களின் பலம் கூடிக்கொண்டே வந்தது. அந்தப் பலத்தை நமக்கு முன்கூட்டியே சொன்ன அடையாளங்களோ ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன.

முதலில் அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். விமானத்தை முன்னால் தள்ள இன்ஜின் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். காற்றைப் பிடித்துப் பின்னால் எறிகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். எவ்வளவு காற்றை, எவ்வளவு வேகமாக எறிகிறதோ அவ்வளவு தள்ளுவிசை. போயிங் 777-300ஈஆர் விமானத்தில் இருக்கும் ஜிஈ90-115பி இன்ஜினை எடுத்துக்கொள்வோம். அதன் முன்விசிறியின் குறுக்களவு 3.25 மீட்டர். விமானம் மேலேறும் நேரத்தில் ஒரு இன்ஜின் தருகிற தள்ளுவிசை சுமார் 52 டன். அதற்காக அது ஒவ்வொரு நொடியும் ஒரு டன்னுக்கும் மேற்பட்ட காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது.

காற்றில் ஒரு டன் என்றால் மனதில் எதுவும் தோன்றாது. நமக்குக் காற்று என்பதே எடை இல்லாத பொருள். ஒரு பத்துக்குப் பத்து அறையில், பத்தடி உயரத்துக்கு இருக்கும் காற்றின் எடை ஏறத்தாழ 34 கிலோ. அப்படியானால் அந்த இன்ஜின் ஒரு நொடியில் முப்பது அறைகளின் காற்றை மொத்தமாக வழித்தெடுத்துப் பின்னால் வீசுகிறது. அடுத்த நொடியில் இன்னொரு முப்பது அறை. அந்த விமானத்தில் இப்படி இரண்டு இன்ஜின்கள். இந்த விசையெல்லாம் விமானத்தை முன்னால் தள்ளுவதில் தீர்ந்துபோவதாக நினைக்கத் தோன்றும். தீர்ந்துபோவதில்லை. முன்னால் எத்தனை டன் தள்ளுகிறதோ, பின்னால் போகும் காற்றும் அதே அளவு விசையைச் சுமந்துகொண்டுதான் போகிறது. அது எதன் மேல் படுகிறதோ அங்கே அதை இறக்கி வைக்கும்.

இனி சத்தத்துக்கு வருகிறேன். 1958-ல் பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கிய போயிங் 707-ன் ஆரம்பகால இன்ஜின் ஒன்றின் தள்ளுவிசை சுமார் 6 டன். இன்றைய ஜிஈ90-ல் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அது போட்ட கூச்சலும் கக்கிய கரும்புகையும், அந்தக் காலத்தில் ஓடுதளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு வாழ்நாளுக்கும் மறக்காது. காரணம், அந்த இன்ஜின் கொஞ்சம் காற்றை மிக வேகமாக எறிந்தது. சர் ஜேம்ஸ் லைட்ஹில் என்ற கணித அறிஞர் 1952-ல் காட்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பீறிட்டு வரும் காற்று எழுப்பும் ஒலியின் ஆற்றல், அந்தக் காற்றின் வேகத்தின் எட்டாம் அடுக்கைப் பொறுத்தது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் ஒலி ஆற்றல் 256-ல் ஒரு பங்காக விழுந்துவிடும். ஆகவே வழி தெளிவாக இருந்தது. வேகத்தைக் குறை, காற்றின் அளவைக் கூட்டு. இன்றைய இன்ஜின்களின் முகத்தில் அவ்வளவு பெரிய விசிறி இருப்பது இதற்காகவும், எரிபொருளை மிச்சப்படுத்தவும்தான்.

இதில் இன்னொன்றும் நடந்தது. ஜிஈ90 போன்ற இன்ஜினில் உள்ளே வரும் காற்றில் பத்தில் ஒரு பங்குதான் எரியறைக்குள் போகிறது. மீதி ஒன்பது பங்கு விசிறியால் தள்ளப்பட்டு, நெருப்பைத் தொடாமலே வெளிப்புறமாகப் பின்னால் போய்விடும். ஓடும் இன்ஜினுக்குப் பின்னால் தரைக்கு மேல் கானல் போல நெளிவது தெரியுமே, அது எரிந்து சூடாக வந்த அந்த ஒரு பங்கின் வேலை. விசிறி தள்ளிய ஒன்பது பங்கில் நெளிவும் இல்லை, புகையும் இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கானலைத்தான் எல்லையாக எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். நெளிவு முடிகிற இடத்தில் ஆபத்தும் முடிந்துவிட்டது என்று கண் சொல்லும். கண் சொல்வது தவறு. வெப்பம் சீக்கிரம் ஆறிவிடும். வேகம் அவ்வளவு சீக்கிரம் ஆறாது.

எவ்வளவு தூரம் போகும்? பெரிய பயணிகள் விமானத்தின் இன்ஜின் தன் முழுத் திறனில் 40 விழுக்காட்டில் ஓடினாலே, 60 மீட்டர் பின்னால் காற்றின் வேகம் மணிக்கு 185 கிலோமீட்டர் வரை இருக்கலாம். சூறாவளிகளை அளக்கும் சஃபிர்–சிம்ப்சன் அளவுகோலில் அது மூன்றாம் வகைப் புயல். புயலாவது படிப்படியாக ஏறும், கதவைச் சாத்த நேரம் கொடுக்கும். இங்கே நான்கு எட்டு வைத்தால் அமைதியிலிருந்து புயலின் நடுவுக்கு வந்துவிடலாம். நாம் நடக்கவே வேண்டாம், விமானம் திரும்பினாலும் போதும்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியில் ஏறும். நேராக நிற்கும் ஒரு வளர்ந்த மனிதரை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அவரை 8 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். சமாளித்துவிடலாம், கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருக்கும். 100 கிலோமீட்டரில் அது 30 கிலோ. சாய்ந்து நிற்க வேண்டும். 185-ல் 100 கிலோவைத் தாண்டிவிடும். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் செருப்புக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் பிடிப்பு 45 கிலோ அளவு விசையைத் தாங்கினாலே அதிகம். அதற்கு மேல் அவருடைய தைரியமோ உடல்வலிமையோ கணக்கில் வராது. இதே கணக்கில் என் காலிக் கன்டெய்னரைப் போட்டால், மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று அதைத் தள்ளும் விசை சுமார் 140 கிலோ. கன்டெய்னரின் சொந்த எடையே 80-க்குள். அது உருளைகளின் மேல், பூட்டில்லாமல் நின்றது.

எங்கள் வேலையில் மிகவும் குறைத்து மதிக்கப்படும் நேரம், நின்ற விமானம் நகரத் தொடங்கும் அந்தச் சில நொடிகள். விமானம் ஓடிக்கொண்டிருக்கும்போது குறைந்தபட்ச வேகத்தில் சுற்றும் இன்ஜினே அதை உருட்டிக்கொண்டு போகப் போதும். ஆனால் 200, 300 டன் எடையோடு நின்றுகொண்டிருப்பதை முதல் அங்குலம் நகர்த்த அது போதாது. விமானி கொஞ்சம் கூடுதல் விசை கொடுப்பார். சக்கரம் அசைந்ததும் மறுபடி குறைத்துக்கொள்வார். பிரேக்அவே த்ரஸ்ட் என்று இதற்குப் பெயர். கிளம்பிய வேகத்திலேயே திருப்பமும் இருந்தால், இந்தக் கூடுதல் காற்று ஒரு விளக்குமாறு போலப் பக்கத்து நிறுத்தங்களை வரிசையாகப் பெருக்கிக்கொண்டு போகும். அங்கே ஏணி இருக்கும், கோன் இருக்கும், பெட்டி வண்டி இருக்கும், ஆட்கள் இருப்பார்கள். விமானிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. அவர் இருக்கையிலிருந்து வாலைப் பார்க்க முடியாது. சின்ன விமானம் ஒன்று பின்னால் நின்றிருந்தால் இன்னும் மோசம். நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172, பயணிகளோடு சேர்த்தே 1.1 டன்தான். மணிக்கு 90 கிலோமீட்டர் காற்றில் பறக்கிற இறக்கை அதற்கு. அதைவிட வேகமான காற்று தப்பான பக்கத்திலிருந்து வந்தால் அது புரண்டுவிடும்.

விமானத் தயாரிப்பாளர்கள் இதை மறைப்பதில்லை. ஒவ்வொரு ரகத்துக்கும் விமான நிலையத்தை வடிவமைப்பவர்களுக்காக ஓர் ஆவணம் வெளியிடுகிறார்கள். இன்ஜின் குறைந்தபட்சத்தில் ஓடும்போது, நகரத் தொடங்கும்போது, மேலேறும்போது என்று தனித்தனியாக, பின்காற்று எங்கே எவ்வளவு வேகத்தில் இருக்கும் என்று கோடு போட்ட படங்கள் அதில் இருக்கும். போயிங்கின் படங்களில் வெளிக்கோடு பெரும்பாலும் மணிக்கு 56 கிலோமீட்டருக்கானது. பெரிய விமானம் மேலேறும்போது அந்தக் கோடு வாலிலிருந்து பல நூறு மீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. முதல் முறை அந்தப் படத்தைப் பார்த்தபோது அளவு தப்பாக அச்சாகிவிட்டதோ என்று நினைத்தேன். அந்த நீண்ட முட்டை வடிவத்தின் ஒரு முனையில் விமானம் அவ்வளவு சின்னதாக இருந்தது.

கரீபியன் கடலில் இருக்கும் சின்ட் மார்டன் தீவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. அங்கே பிரின்சஸ் ஜூலியானா விமான நிலையத்தின் ஓடுதளம் முடிகிற இடத்தில் ஒரு கம்பி வேலி. வேலிக்கு வெளியே குறுகலான சாலை, அதைத் தாண்டினால் மாஹோ கடற்கரை. விமானங்கள் தலைக்கு மேல் தாழ்வாக வந்து இறங்குவதைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நானே பார்க்க ஆசைப்படுகிற காட்சிதான் அது. ஆனால் விமானம் மேலேறுவதற்காக ஓடத் தொடங்கும்போது அதன் முதுகு வேலியைப் பார்த்து நிற்கும். அப்போது சிலர் வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, கால் தரையிலிருந்து கிளம்புவதை ஒரு விளையாட்டாக ஆடுகிறார்கள். உயிர் போகலாம் என்று எழுதிய எச்சரிக்கைப் பலகை பக்கத்திலேயே இருக்கிறது.

2017 ஜூலை 12 அன்று நியூசிலாந்தைச் சேர்ந்த 57 வயதுப் பெண்மணி ஒருவர் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலேறக் கிளம்பிய விமானத்தின் காற்று அவரைப் பிய்த்துப் பின்னால் எறிந்தது. கான்கிரீட்டில் தலை மோதி இறந்துபோனார். அந்த விமானம் போயிங் 737. அந்தக் கடற்கரையைப் புகழாக்கியது நான்கு இன்ஜின் 747. பயணிகள் 747 அங்கே வருவது 2016 அக்டோபரிலேயே நின்றுவிட்டது. அதோடு ஆபத்தும் குறைந்துவிட்டது என்று பலர் நினைத்திருக்கலாம். 737 நடுத்தர விமானம்தான். ஆனால் அதன் இரண்டு இன்ஜின்களும் சேர்ந்து 20 டன்னுக்கும் மேல் தள்ளும். அந்தப் பெண்மணியைப் பற்றி இணையத்தில் கேலியாக எழுதியவர்களைப் படித்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. காற்றுக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று ஒரு மனிதரின் உடம்புக்கு வேறெங்கே தெரிந்திருக்க முடியும்? வாழ்க்கை முழுக்க நாம் சந்திக்கும் காற்றில் கம்பியைப் பிடித்தால் போதும், நின்றுவிடலாம்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பெரிய விமானத்துக்குப் பின்னால் பறக்கும் இன்னொரு விமானம் வானில் குலுங்குவதையும் இதையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அது இறக்கை நுனிகளிலிருந்து சுருண்டு வரும் சுழல். இறக்கை விமானத்தைத் தூக்குவதால் உண்டாவது, இன்ஜினால் அல்ல. அது தனிக் கதை.

பின்பக்கம் தள்ளும் இன்ஜின் முன்பக்கம் இழுக்கவும் செய்யும் என்பது மட்டும் இதோடு சேர்ந்தது. 2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் மாண்ட்காமரி விமான நிலையத்தில், வந்து நின்ற எம்ப்ரேயர் விமானத்தின் ஓர் இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜின் முழுக்க நிற்கும் வரை யாரும் நெருங்க வேண்டாம் என்று தரைக் குழுவுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஒரு பெண் ஊழியர் கோனோடு விமானத்தின் பின்பக்கம் போனார். பின்காற்றில் அவர் விழப் பார்த்ததை இன்னொரு ஊழியர் கண்டு, கத்தியும் கையசைத்தும் தடுக்கப் பார்த்தார். அந்தப் பெண் அங்கிருந்து விலகினார். ஆனால் கொஞ்ச நேரத்தில் இறக்கையின் முன்பக்கமாக நடந்து இன்ஜினின் வாய்க்கு அருகே போய்விட்டார், அது அவரை இழுத்துக்கொண்டது. விசாரணை அறிக்கையின் அந்தப் பத்தியை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. முதலில் தள்ளிய காற்று அவருக்கு ஓர் எச்சரிக்கையாகவே வந்தது. அந்தப் பக்கம் தள்ளுவதுதான் இந்தப் பக்கம் இழுக்கிறது என்று அந்த அவசரத்தில் யாருக்குத் தோன்றும்?

விமானந்தாங்கிக் கப்பல்களின் தளத்தில் இந்த ஆபத்து இன்னும் நெருக்கமானது. ஒரு விமானம் கிளம்பத் தயாராக நிற்கும், அதன் பின்னாலேயே அடுத்தது. போர் விமானத்தின் பின்னெரிப்பான், அதாவது கூடுதல் விசைக்காக வெளியேறும் காற்றில் மறுபடி எரிபொருளைக் கொட்டி எரிக்கும் பகுதி, எரியும்போது வருவது காற்று மட்டுமல்ல, நெருப்பும். அதனால் கிளம்பும் விமானத்துக்குப் பின்னால் தளத்திலிருந்து ஒரு தகடு சாய்வாக எழுந்து நின்று காற்றை மேல்நோக்கித் திருப்பும். அந்தத் தகடே உருகிவிடாமல் உள்ளே தண்ணீர் ஓடும். தளத்தின் விளிம்பைச் சுற்றி வலை உண்டு. காற்று பிடித்துவிட்டால் நின்று சமாளிக்கப் பார்க்காதே, அப்படியே தரையில் படுத்து விமானம் கட்டும் கொக்கிகளைப் பற்றிக்கொள் என்று அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். உடம்பு செய்ய நினைப்பதற்கு நேர் எதிரான வேலை அது. பழகினால்தான் வரும்.

பயணிகள் விமான நிலையங்களிலும் வளைந்த இரும்புத் தடுப்புகளைப் பார்க்கலாம். ஓடுதளத்தின் முனைக்கு அப்பால் மஞ்சள் நிறத்தில் கூரான பட்டைகள் வரைந்த ஒரு பகுதி இருக்கும். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் கவனியுங்கள். ஓடுதளம் போலவே தெரியும், ஆனால் அங்கே விமானம் இறங்கக் கூடாது. மேலேறும் விமானங்களின் காற்று மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்கத்தான் அந்தத் தளம். புல்லும் மண்ணும் மட்டும் இருந்தால் கொஞ்ச நாளில் பள்ளமாகிவிடும், அரித்த கல்லெல்லாம் வேறு ஏதாவது இன்ஜினுக்குள் போய்ச் சேரும்.

இந்தக் காற்று கைகொடுத்த இடமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கதை அது. 1991-ல் குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக்கியப் படைகள் அறுநூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்திவிட்டுப் போயின. அந்தத் தீயை அணைக்க வந்தவர்களில் ஹங்கேரிக் குழு ஒன்று விசித்திரமான ஒரு வண்டியைக் கொண்டுவந்தது. கீழே பழைய டி-34 டாங்கியின் உடல். மேலே பீரங்கி இருக்க வேண்டிய இடத்தில் மிக்-21 போர் விமானத்தின் இரண்டு ஜெட் இன்ஜின்கள். அவை காற்றை வெளியே தள்ளும் முனையில் தண்ணீரைப் பீய்ச்சும் குழாய்கள். பெயர் பெருங்காற்று. எரியும் கிணற்றின் அருகே மெல்ல நகர்ந்து போய், இன்ஜின்களை முடுக்கி, தண்ணீர் கலந்த காற்றால் எண்ணெய்ப் பீறலிலிருந்து நெருப்பை அப்படியே வெட்டிவிடும். மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பதுதான், ஆனால் அந்த அளவில். என்ன தள்ளும், எவ்வளவு தூரம் தள்ளும் என்று அந்த ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் கையில் அதே காற்று ஒரு கருவி.

அப்புறம் பயணிகளுக்கு ஒரு வார்த்தை. ஏணி வழியே இறங்கித் தரையில் நடந்து போக நேர்ந்தால், வரைந்திருக்கும் கோட்டுக்குள்ளேயே போங்கள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தொப்பி பறந்தால் பின்னால் ஓடாதீர்கள். வழிகாட்டும் ஊழியர் கையை நீட்டி நிறுத்தினால் உங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் நில்லுங்கள். நாங்கள் காரணமில்லாமல் யாரையும் நிறுத்துவதில்லை.

போன மாதம் எங்கள் குழுவில் ஒரு புதுப் பையன் சேர்ந்தான். விமானம் வந்து நின்றது, சக்கரங்களுக்கு முட்டுக் கட்டை வைத்தாயிற்று, வயிற்றில் சுழலும் சிவப்பு விளக்கும் அணைந்தது. அவன் ஒரு எட்டு முன்னால் வைத்தான். நான் கையை நீட்டினேன். இன்ஜினின் மூக்கில் வரைந்திருக்கும் வெள்ளைச் சுருள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. "அண்ணே, ஆஃப் பண்ணிட்டாங்களே" என்றான். "சுருளைப் பாரு" என்றேன். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சுற்றுச் சுற்றாக மெதுவாகி, மங்கலான வட்டம் தெளிவான கோடாகி, அது நின்றது. அவன் கிளம்பிப் போனான். நான் பக்கத்திலிருந்த டாலியின் பூட்டைக் காலால் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு அவன் பின்னால் நடந்தேன்.